ரைஸ் மில் தாசில்தார்

நல்லான்கட்டளை,
திருத்துறைப்பூண்டி வழி.
2-9-2024

பெறுநர்: உயர்திரு வட்டாட்சியர் அவர்கள், புதிய வட்டாட்சியர் அலுவலகம், பழைய ரைஸ் மில் கட்டடம், ஓடைமேடு.

பொருள்: நினைவூட்டு மனு.

அய்யா,

சென்ற ஜூலை 18, வியாழக்கிழமை மதியம் தங்களை நேரில் பார்த்து மனு கொடுத்த ஜெயபாரதி நான். கறுப்புக் குடையோடு வந்தவள் என்றால் தங்களுக்கு நினைவு வரலாம். என் மாமனார் மாரியப்பன் குத்தகைக்குச் செய்துவந்த ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தை இப்போது நானும் என் கணவர் வீரையனும் செய்கிறோம். நிலத்துக்காரர் அமிர்தலிங்கம் 1987இல் தன் கையால் எழுதிக் கொடுத்த கடிதம்தான் எங்கள் குத்தகைக்கு ஒரே ஆதாரம். அதன் ஒரிஜினலை மனுவோடு சேர்த்துத் தங்கள் கையில் கொடுத்தேன்.

பெரியவர் அமிர்தலிங்கம் போன வருடம் காலமாகிவிட்டார். அவருடைய மகன் சந்திரமௌலி, அப்படியொரு குத்தகையே கிடையாது, நிலத்தை மனையாக்கி விற்கப்போகிறேன் என்கிறார். ஆகையால்தான் எங்கள் பெயரைக் குத்தகைதாரராகப் பதிவு செய்யக் கேட்டிருந்தேன்.

அதன்பின் மூன்று தடவை வந்தேன். ஆபீஸ் பூட்டியிருந்தது. மூன்றாவது தடவை உள்ளே ஆடு கட்டியிருந்தது. தாங்கள் கேம்ப் போயிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஏறி இறங்கிய ஆபீஸ்களில் என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்த அதிகாரி தாங்கள் ஒருவர்தான். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன். கருணை கூர்ந்து பதில் தரவும்.

இப்படிக்கு,
வீ. ஜெயபாரதி

*

சாலிகிராமம், சென்னை.
20-9-2024

அம்மா,

உங்கள் கடிதம் சுற்றிச் சுற்றி நேற்றுதான் என் கைக்கு வந்தது. ஓடைமேட்டுத் தபால்காரர் பக்கிரி, உறையின் மேல் ‘சினிமா கம்பெனி’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார். இதற்குமேல் எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் ஒன்றுதான். நான் தாசில்தார் இல்லை.

என் பெயர் கோவிந்தராசு. நடிகன். வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரைக்காரன், அப்பா படகுக்குப் போனவர். சின்ன பட்ஜெட் சண்டைப் படங்களில் முப்பது வருடமாக அடி வாங்குகிறேன். ஒரு சின்ன ஊரில் அநியாயம் நடக்கும், அண்ணன் சாவான், தம்பி அரிவாளை எடுப்பான். லஞ்சம் வாங்கியவர்களைத் தம்பி வரிசையாகப் பழிவாங்குவான். முதலில் புரோக்கர் விழுவான், கடைசியில் எம்.எல்.ஏ. விழுவார். நடுவில் விழுகிற அதிகாரி நான். ஓடைமேட்டில் எடுத்த படத்தின் பெயர் ‘மதகடி வீரன்’. அந்த ஆபீஸ், அந்த போர்டு எல்லாம் அட்டையும் பெயின்டும். புதுத் தாலுகா வரப்போகிறது என்று உங்கள் பக்கம் பேச்சிருந்தது எங்களுக்குத் தெரியாது.

அன்று சாப்பாட்டு நேரம். எல்லாரும் புளியமரத்தடிக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் மேசையில், ஃபேன் காற்றில், வேஷத்தோடு கண்ணசந்திருந்தேன். மில்லுக்குள் எந்தக் காலத்துத் தவிட்டு வாசனையோ இன்னும் இருந்தது. வெளியே புகை மெஷினைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் புகை காய்ந்த வயலில் இறங்கிப் பரவியது. அதற்குள் மாடுகள் நின்றன, மாடுகளுக்குப் பக்கத்தில் கொக்குகள். அந்தப் புகையிலிருந்து நீங்கள் குடையோடு வந்தீர்கள். கனவு என்றுதான் நினைத்தேன். கனவில் வந்தவரை உட்காரச் சொல்வதில் தவறில்லை அல்லவா?

சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் அதற்குள் “அய்யா” என்று பேச ஆரம்பித்துவிட்டீர்கள். என்னிடம் யாரும் அப்படி ஒன்றை நம்பிச் சொன்னதில்லை. தாளை டிராயரில் வைத்தேன், சாயங்காலம் திருத்துறைப்பூண்டியில் நிஜ ஆபீசில் சேர்த்துவிடலாம் என்று. பிறகு ஷூட்டிங் அவசரத்தில் அது எங்கோ போய்விட்டது. தேடிக்கொண்டிருக்கிறேன். என் போன் நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கூப்பிடுங்கள், பேசலாம்.

தங்கள்,
கோவிந்தராசு

*

நல்லான்கட்டளை,
29-9-2024

கோவிந்தராசு என்பவருக்கு,

போன் வேண்டாம். எதுவானாலும் எழுத்தில், தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் கெட்டது போதும்.

ஒரிஜினலை ஏன் கொடுத்தாய் என்று ஊரே கேட்கிறது. ஒரிஜினல் இல்லாமல் போனால் எந்த ஆபீசில் வாங்குகிறார்கள்? நகல் எடுக்கலாம் என்றுதான் நானும் பார்த்தேன். உங்கள் ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை என்று போர்டு போட்டிருந்தது. உள்ளே போய் அரைமணி நேரம் ஆளைத் தேடினேன். மெஷினைத் திறந்தால் வெறும் கூடு, உள்ளே ஒரு பல்லி. என்னுடையது பட்டன் போன், அதில் படம் எடுக்க வராது. ஊரை ஏமாற்ற ஜெராக்ஸ் கடைகூடக் கட்டினீர்களே, அதில் ஒரு மெஷினை வைத்திருக்கக் கூடாதா?

உங்கள் கடிதம் வந்த அன்றே நிஜத் தாலுகா ஆபீசில் போய்ப் புதிதாக மனு கொடுத்தேன். ஆதாரம் எங்கே என்றார்கள். சினிமாக்காரர்களிடம் இருக்கிறது என்று சொல்ல நாக்கு எழவில்லை. விசாரணை வைப்பார்களாம்.

ஆகஸ்ட் கடைசியில்தான் எங்களுக்குத் தண்ணீர் வந்தது. நேரடி விதைப்பு விதைத்து முளைத்து நிற்கிறது. முந்தாநாள் மௌலி ஆள் வைத்து அளந்து, பச்சைப் பயிருக்கு நடுவில் வெள்ளைக் கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார். சாகுபடிச் செலவுக்காக என் வீட்டுக்காரர் இப்போது சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பேசும்போதெல்லாம், “பேப்பர் பத்திரமா இருக்குல்ல?” என்பார். “பத்திரமா இருக்குங்க” என்கிறேன். பதினாறு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் உங்களால் சொன்னது.

ஒரு கனவு வருகிறது. மில்லுக்குள் முழங்கால் தண்ணீர். நீங்கள் மேசையில் உட்கார்ந்து டீ சொல்கிறீர்கள். என் தாள் மிதந்து வாசல் தாண்டிப் போகிறது. நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து ஓடத் தோன்றவில்லை, அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது. விழித்ததும் உங்கள்மேல் வருகிற ஆத்திரத்தைவிட என்மேல்தான் அதிகம் வருகிறது.

‘தேடிக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நிஜமாகத் தேடுகிறவர் எங்கே வைத்தேன், எங்கெங்கே தேடினேன் என்று எழுதுவார். நீங்கள் புகையைப் பற்றியும் கொக்கைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். என் தாளை என்ன செய்தீர்கள்?

ஜெயபாரதி

*

சாலிகிராமம்,
14-10-2024

அம்மா ஜெயபாரதிக்கு,

கிழித்துவிட்டேன்.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு எத்தனை நாள் ஆனது என்று தேதியைப் பார்த்தால் தெரியும்.

அன்று சாயங்காலம் ஒரு காட்சி. தாசில்தார் ஒரு ஏழையின் மனுவைப் படித்துச் சிரித்துக் கிழித்துப்போட வேண்டும். டைரக்டர் பிரபு சின்ன வயசுக்காரர், வசனம் எழுதிக் கொண்டுவரவில்லை. “அண்ணே, மேசைல ஏதாவது ஒரு மனு கெடக்கும், எடுத்து நக்கலா படிங்க. ஒரே ஷாட்டு. வெளிச்சம் போகுது” என்றார். மேசைமேல் இருந்த கட்டெல்லாம் பழைய செய்தித்தாள். கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது. டிராயரைத் திறந்தேன். உங்கள் மனு இருந்தது.

படித்தேன். நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்தேன். பிறகு பின்னால் இருந்த பெரியவர் கடிதத்தையும் படித்தேன். கேமராக்காரர் தாளுக்கு மிக நெருக்கமாக வந்தார். பிறகு கிழித்தேன்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். எங்களைப் போன்றவர்கள் ஓடுகிற கேமராவை நிறுத்த மாட்டோம் அம்மா. ஹீரோ நிறுத்தலாம். நான் ஒரு தடவை நிறுத்தினால் மறுநாள் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். ஒரு படத்தில் நிஜமாகவே பல் உடைந்தது, ரத்தத்தை விழுங்கிக்கொண்டு வசனத்தை முடித்தேன். முப்பது வருடப் பழக்கம். கை தானாகக் கிழித்தது, மனது அதற்குப் பின்னால்தான் வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு அவ்வளவு கைதட்டல் கிடைத்ததே இல்லை.

தூசி கிளப்ப வைத்திருந்த பெரிய காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. துண்டுகள் ஜன்னல் வழியாக வயலுக்குப் போய்விட்டன. பொழுது சாய்கிற வரை தாசில்தார் வேஷத்தோடேயே வரப்பில் நடந்து பொறுக்கினேன். தூரத்தில் வெள்ளையாக ஏதாவது தெரியும், போனால் கொக்கு எழுந்து பறக்கும். நாலு துண்டு கிடைத்தது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் மனதில் ஓடுகிறது. கிழிப்பதற்கு முன் கேமரா அந்தத் தாளைப் பார்த்திருக்கிறது. அது எங்கோ இருக்கத்தான் வேண்டும்.

மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை.
கோவிந்தராசு

*

நல்லான்கட்டளை,
5-11-2024

கோவிந்தராசு அவர்களுக்கு,

நாலு துண்டும் வந்தது. ஒன்றில் ‘ஆறு மா’ என்று இருக்கிறது. ஒன்றில் ‘மேற்படி’. ஒன்றில் வெறும் நீல மை. நாலாவதில் ‘என் மன’ என்பதோடு கிழிந்திருக்கிறது. மனதாரவோ, மனப்பூர்வமோ, தெரியவில்லை. மழை விடாமல் பெய்கிறது. நாலையும் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அடுப்புக்கூடப் பற்ற வைக்கவில்லை.

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது உங்களைக் கண்டபடி திட்டினேன். இரண்டாம் தடவை படித்தபோது, வேஷத்தோடு வரப்பில் கொக்கைத் துரத்திக்கொண்டு போன இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக அழுதேன். இப்படி இருக்கிறது என் நிலை.

விசாரணை ஜனவரி எட்டாம் தேதி. மௌலி எழுதிக் கொடுத்துவிட்டார்: என் தகப்பனார் யாருக்கும் எதுவும் எழுதித் தரவில்லை, கூலிக்கு உழுதவர்கள் இப்போது குத்தகை என்கிறார்கள், என்று. மாமனார் அந்த நிலத்தில்தான் கண்ணை மூடினார். நாங்கள் கூலிக்காரர்கள் ஆகிவிட்டோம். அன்றைக்கு என்னிடம் ஒன்றும் இல்லையென்றால் அறுவடையோடு நாங்கள் இறங்கிவிட வேண்டியதுதான்.

கேமரா பார்த்தது என்று எழுதியிருந்தீர்கள். அதை வாங்கித் தாருங்கள். இது கேட்பதுகூட இல்லை, நீங்கள் தர வேண்டியது.

இன்னொன்று. நக்கலாகப் படித்தேன் என்றீர்களே, என் மனுவில் எந்த இடத்துக்குச் சிரித்தார்கள்? தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜெயபாரதி

*

சாலிகிராமம்,
16-12-2024

தங்கச்சிக்கு,

அப்படி அழைக்கலாமா என்று தெரியவில்லை. அழைத்துவிட்டேன். கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும், இடது கையால் எழுதுகிறேன்.

கேட்டதற்குப் பதில்: ‘எங்களுக்குப் பேசத் தெரியாது, பயிர் வைக்கத்தான் தெரியும்’ என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் மூக்கால் இழுத்துப் படித்தேன். அங்கேதான் சிரித்தார்கள். அந்த வரியை எழுதியவர் அன்று மதியம் என் எதிரில் உட்கார்ந்து டீ குடித்தவர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் படித்தேன்.

பிரபுவிடம் நாலு தடவை போனேன். அந்தக் காட்சியையே படத்திலிருந்து தூக்கிவிட்டார். “வில்லன் சரியா வரலண்ணே” என்றார். என்ன சரியில்லை என்று சொல்லவில்லை. வெளியாகாத படத்தின் காட்சியை யாருக்கும் தர முடியாது என்று ஒரே பிடியாக நின்றார். அவர் கெட்டவர் இல்லை. பட்ஜெட் தீர்ந்து, கிளைமாக்ஸ் பாதியில் நின்றுபோன மனிதர்.

இந்தப் படத்தில் மட்டும் தாசில்தார் கிளைமாக்ஸில்தான் விழுகிறார், பாலத்திலிருந்து வாய்க்காலில். டூப் போட வழியில்லாமல் விட்டிருந்தார்கள். நானே விழுகிறேன், பதிலுக்கு அந்தக் காட்சியைக் கொடுங்கள் என்றேன். குத்தாலம் பக்கத்தில் ஒரு பாலத்தில் எடுத்தோம். காலையில் பனி. பாலத்தின்மேல் நின்று பார்த்தால் கீழே தண்ணீரே தெரியவில்லை, வெள்ளையாகப் புகை மாதிரி ஏதோ போய்க்கொண்டிருந்தது. இந்தத் தடவை மெஷின் இல்லை. அதற்குள் விழுந்தது சுகமாகத்தான் இருந்தது. அடியில் கல் இருந்ததுதான் யாருக்கும் தெரியவில்லை.

பென் டிரைவ் இத்துடன் பதிவுத் தபாலில் வருகிறது. எந்தத் தேதியில், எந்த இடத்தில் எடுத்தது, தாள் அசல்தான் என்று பிரபு தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவும் உள்ளே இருக்கிறது. நேரில் வந்து சாட்சி சொல்லத்தான் ஆசை. தோளில் கட்டு பொங்கலுக்குப் பிறகுதான் பிரிப்பார்களாம்.

தனியாகப் பார்க்காதீர்கள். யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை, தைரியம் இல்லை.

கோவிந்தராசு

*

நல்லான்கட்டளை,
9-1-2025

அண்ணனுக்கு,

நிலம் எங்களிடம் இருக்கும். கவலைப்படுவீர்கள் என்பதால் இதை முதலில் எழுதிவிட்டேன். மௌலி தன் அப்பா கையெழுத்தை ஒப்புக்கொண்டு வாக்குமூலம் கொடுத்துவிட்டார். பொங்கல் கழித்து ஆர்டர் வரும். என் வீட்டுக்காரரிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். “அந்த ஆளு கை எப்படி இருக்கு?” என்று கேட்டார். நான் அவரிடம் உங்கள் தோளைப் பற்றித்தான் முதலில் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கூத்தாநல்லூரில் இ-சேவை மையம் வைத்திருக்கிற நுஸைபா என் பள்ளிக்கூடத் தோழி. அவள் கடையில்தான் முதலில் பார்த்தோம். நீங்கள் என் மனுவை மூக்கால் இழுத்துப் படித்தீர்கள். யூனிட் ஆட்கள் சிரிப்பதும் கேட்டது. நுஸைபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நிறுத்தட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். பிறகு நீங்கள் தாளைத் திருப்பினீர்கள், பெரியவரின் நீல எழுத்து திரை முழுக்க வந்தது. கையெழுத்து, தேதி, எல்லாம். கேமரா அங்கேயே நின்றது.

எட்டாம் தேதி நுஸைபாவே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். விசாரணை செய்தவர் பூர்ணிமா என்ற அதிகாரி. முதலில் சினிமாவா என்று முகம் சுளித்தார், பிரபுவின் கடிதத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள் என்றார். மௌலி எனக்கு எதிர் நாற்காலியில் இருந்தார். என் வரிகளுக்கு அவரும் சிரித்தார். பெரியவர் கடிதம் திரையில் வந்ததும், “இது யார் வேணா எழுதலாம் மேடம்” என்றார். அதற்குள் நீங்கள் படிக்க ஆரம்பித்திருந்தீர்கள்.

அந்தக் கடிதத்தில் நிலத்தைத் தவிர வேறொன்றும் இருந்தது. அது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை, நிலத்துக்கு ஆதாரமாகாது என்று நான் மனுவில் எழுதவில்லை. எழுபத்தேழு புயலில், ஊரைச் சுற்றித் தண்ணீர் நின்றபோது, காய்ச்சலில் நினைவு தப்பிய அஞ்சு வயசுப் பிள்ளையைத் தோளில் வைத்து என் மாமனார் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். பெரியவர் எழுதியிருந்தார்: ‘மாரியப்பன் தோளில் என் பிள்ளை போவதைப் பார்த்துக்கொண்டு நான் கரையில் நின்றேன். எனக்கு இறங்கத் தைரியம் வரவில்லை. இதை மௌலியிடம் சொல்ல எனக்கு வாய் வராது, ஆகையால் இங்கே எழுதுகிறேன்.’

அண்ணே, அந்த இடத்தில் நீங்கள் நக்கல் செய்யவில்லை. தாசில்தார் குரல் போய்விட்டது. யாரோ ஒரு அப்பா பேசுகிற மாதிரி மெதுவாகப் படித்தீர்கள். வில்லன் சரியாக வரவில்லை என்று உங்கள் டைரக்டர் சொன்னது இதைத்தான். படம் எடுக்கிறவருக்கு அது தப்பு, சரிதான். அப்படியும் அந்தக் காட்சியை அழிக்காமல் வைத்துக் கொடுத்ததற்காக நான் அவருக்கும் கும்பிடு போடுகிறேன்.

நீங்கள் கிழித்தீர்கள். காட்சி முடிந்தது. அதிகாரி, “இது உங்க அப்பா எழுத்துதானா?” என்றார். மௌலி, “இன்னொரு தடவ போடுங்க” என்றார். அந்தப் புயலில் கார் வந்து அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதாக வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நுஸைபா மறுபடி போட்டாள். இந்தத் தடவை என் வரிகளுக்கு அவர் சிரிக்கவில்லை. பெரியவர் வரிகள் வந்தபோது நாற்காலியை இழுத்து லேப்டாப்புக்குப் பக்கத்தில் போனார். உங்கள் விரல்கள் தாளின் இரண்டு ஓரத்தையும் பிடித்தன.

அவர் கையை நீட்டித் திரையில் வைத்து, “கிழிக்காதய்யா” என்றார்.

ஜெயபாரதி